பழைய ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர் வாங்கப் போகிறீர்களா? காசு கொடுக்க முன் பார்க்க வேண்டியவை

யாழ்ப்பாணத்தில் பழைய கார் பார்க்கப் போகிறவர் வாசலில் நின்றே "ஒருக்கா ஸ்ரார்ட் பண்ணிக் காட்டுங்கோ" என்பார். அதைக் கடைசிக்கு விடுங்கள். எஞ்சின் பழுதென்றால் கழற்றித் திருத்தலாம். உக்கிப்போன சேஸிஸையும் (காரின் அடிச்சட்டம்) பெயர் மாற்ற முடியாத புத்தகத்தையும் அப்படித் திருத்த முடியாது. அதனால் முதலில் புத்தகம், பிறகு காரின் அடிப்பக்கம், அதன் பிறகுதான் எஞ்சின்.

முதல்நாளே விற்பவருக்கு ஒரு சொல் சொல்லிவையுங்கள்: "நாங்கள் வரும்வரை காரை ஸ்ரார்ட் செய்ய வேண்டாம்." சூடேற்றி வைத்த எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். கையோடு ரோச் லைட், மெல்லிய துணியில் சுற்றிய சிறு காந்தம், பழைய ஸ்குறூட்றைவர், சின்னச் சுத்தியல், காரைத் தூக்கும் ஜக், கம்பிறெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் அளக்கும் கருவி), படுத்துப் பார்க்க ஒரு பாய் கொண்டுபோங்கள். பிறேக் மிதிக்க ஒரு ஆளும் வேண்டும்.

படி 1: புத்தகம்

பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸிஸ் இலக்கத்தையும் எஞ்சின் இலக்கத்தையும் காரில் உள்ளவற்றோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். பொனற்றைத் திறந்தால் எஞ்சினுக்குப் பின்னாலுள்ள தகட்டுச் சுவரில் இலக்கத் தகடு இருக்கும். தகட்டின் ஆணிகள் மட்டும் புதிதாக மினுங்கினால் ஏன் என்று கேளுங்கள். யப்பான் எஞ்சின் மாற்றிய கார்கள் இங்கே நிறைய. மாற்றியது குற்றமில்லை, ஆனால் புதிய எஞ்சின் இலக்கம் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும்.

எங்கள் ஊரில் பெரிய சிக்கல் உரிமையாளர்தான். புத்தகத்தில் பெயருள்ளவர் காலமாகியிருப்பார், அல்லது கனடாவில் இருப்பார். கார் நாலு கை மாறியிருக்கும், புத்தகம் மாறியிருக்காது. கையொப்பம் மட்டும் வைத்த ஓப்பன் பேப்பரை நம்பி முழுக் காசையும் கொடுக்க வேண்டாம். ஆள் வெளிநாட்டில் என்றால் முறையான அற்றோணித் தத்துவம் கேளுங்கள். காலமாகியிருந்தால் வாரிசுகளின் பத்திரங்கள் ஒழுங்காகும்வரை முற்பணத்தோடு நிற்பது நல்லது. வருமான அனுமதிப்பத்திரம் எத்தனை வருடமாகப் புதுப்பிக்கப்படவில்லை, நிலுவை எவ்வளவு என்று பிரதேச செயலகத்தில் விசாரித்துவிட்டு விலை கதையுங்கள்.

படி 2: எந்த மொடல்?

ஏ40 என்ற ஒரே பெயரில் பல கார்கள் வந்தன. டெவன் (1947–1952), சோமர்செற் (1952–1954) இரண்டுக்கும் அடியில் தனிச் சேஸிஸ் உண்டு, அதன்மேல் பொடி (காரின் உடல்) உட்கார்ந்திருக்கும். பின்னால் வந்த ஏ40 கேம்பிரிட்ஜ், ஏ40 ஃபரீனா, 1948 முதல் 1971 வரை வந்த மொறிஸ் மைனர் ஆகியவற்றில் பொடிதான் சேஸிஸ். சோமர்செற்றில் கதவின் கீழ் விளிம்பு ஓட்டையானால் அது தகரவேலையோடு முடியும். மைனரில் கதவுக்குக் கீழே ஓடும் சில் உக்கினால் காரின் முதுகெலும்பே உக்கியதாக அர்த்தம்.

மைனரின் தகடுகளும் உதிரிப்பாகங்களும் இங்கிலாந்தில் இன்றும் புதிதாகச் செய்யப்படுகின்றன. சோமர்செற்றின் பொடிச் சாமான்களுக்கு அலைய வேண்டும். மைனருக்கு 14 அங்குல ரயர், சோமர்செற்றுக்கு 16 அங்குல ஒடுங்கிய ரயர். பின்னையது கடைகளில் எளிதில் கிடைக்காது, எனவே ரயர் வெடித்திருந்தால் அதையும் விலையில் கழியுங்கள்.

படி 3: கறள்

இந்தப் படிக்கு ஒரு மணிநேரம் ஒதுக்குங்கள். குடாநாட்டில் எந்தப் பக்கம் போனாலும் கடல் தூரமில்லை, உப்புக்காற்று எல்லாக் காரையும் தொட்டிருக்கும்.

முதலில் காந்தம். கதவின் கீழ்ப்பகுதி, சக்கர வளைவு, முன் மட்கார்ட் பொடியோடு சேரும் இடம், ஹெட்லைற்றைச் சுற்றிய பகுதி என்று நகர்த்துங்கள். காந்தம் பிடிக்காத இடத்தில் தடித்த புட்டி இருக்கிறது. புட்டிக்குள் தகடு இருக்கிறதா, வெறும் கம்பிவலை இருக்கிறதா என்பது வெட்டிப் பார்த்தால்தான் தெரியும்.

பிறகு பாயை விரித்து உள்ளே போங்கள். அடிப்பக்கத்தில் மட்டும் புதுக் கறுப்புப் பூச்சு இருந்தால் சந்தேகப்படுங்கள். சோமர்செற்றின் சேஸிஸ் பெட்டி வடிவம், அது உள்ளிருந்து வெளியே உக்கும். சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு கணீரென்று கேட்கும், உக்கிய இடம் பொத்தென்று கேட்கும். பின் வில்லுத்தகடுகள் பூட்டும் இடங்களைக் கட்டாயம் தட்டுங்கள்.

மைனரில் பார்க்க வேண்டியவை: இரு சில்களும், முன் இருக்கைகளுக்குக் கீழே குறுக்காக ஓடும் கிராஸ்மெம்பர், ஜக் வைக்கும் இடங்கள், பின் வில் பூட்டும் இடங்கள். ஸ்குறூட்றைவரால் அழுத்துங்கள், உள்ளே இறங்கினால் அது தகடல்ல. கதவைத் திறந்து வைத்து அந்தப் பக்கத்தை ஜக்கில் உயர்த்தி, பிறகு மூடிப் பாருங்கள். கதவு இடித்தால் பொடி வளைகிறது.

மரச்சட்டம் வைத்த மைனர் ட்ரவலர் கிடைத்தால் இன்னொரு வேலை இருக்கிறது. அந்த மரம் அழகுக்கல்ல, பின்பக்கத்தைத் தாங்குவதே அதுதான். கறையானும் இத்தலும் இருக்கிறதா என்று மூட்டு மூட்டாகக் குத்திப் பாருங்கள்.

படி 4: சக்கரமும் பிறேக்கும்

முன்பக்கத்தை உயர்த்தி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் உதவிக்கு வந்தவரைப் பிறேக் மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் சக்கர பெயாரிங், மறையாவிட்டால் சோமர்செற்றில் கிங்பின் (முன்சக்கரம் திரும்பும் அச்சாணி), மைனரில் ட்ரனியன். ட்ரனியன் என்பது மரையில் திரும்பும் ஒரு பாகம். கிறீஸ் போடாமல் விட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் திருப்பத்தில் சக்கரம் மடிந்து விழும். கிறீஸ் அடிக்கும் நிப்பிளில் பழைய கிறீஸ் காய்ந்து கல்லாகியிருந்தால் அதுவே பதில்.

பிறேக் பெடலை ஒரு நிமிடம் ஒரே அழுத்தமாக மிதித்தபடி இருங்கள். மெல்ல மெல்லக் கீழே போனால் மாஸ்டர் சிலிண்டர் உள்ளே கசிகிறது. பஞ்சுபோல் இருந்தால் குழாயில் காற்று. சோமர்செற்றிலும் மைனரிலும் பிறேக்குக்கு ஒரே குழாய்வழிதான், ஓரிடம் கசிந்தால் நான்கு சக்கரமும் நிற்காது. மைனரின் மாஸ்டர் சிலிண்டர் சாரதியின் காலடித் தளத்துக்குக் கீழே ஒளிந்திருப்பதால் பலர் அதைத் திரும்பியும் பார்ப்பதில்லை.

படி 5: எஞ்சின்

1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் இங்கே பல கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. கார்பரேற்றருக்குள் கொஞ்சம் பெற்றோல் விட்டு ஸ்ரார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். முழுதாய் எரியாத மண்ணெண்ணெய் ரிங்குகளைத் தாண்டி இறங்கி எஞ்சின் ஒயிலைத் தண்ணியாக்கும். ஒயில் தண்ணியானால் சிலிண்டரும் பெயாரிங்கும் தேயும். அதற்குப் பிறகு எஞ்சின் கழற்றிச் செய்யப்பட்டதா, பிஸ்ரன் எந்த அளவு என்று கேளுங்கள். சிலிண்டரை ஏற்கெனவே 0.060 அங்குலம் பெருப்பித்திருந்தால் அடுத்த முறை துளைக்க இடமில்லை, லைனர் (சிலிண்டருக்குள் போடும் உறை) போட வேண்டிவரும்.

கீழே சொல்லும் றேடியேற்றர் மூடியைப் பார்த்துவிட்டால், இப்போது ஸ்ரார்ட் செய்யலாம். எஞ்சின் சூடானதும் நிறுத்தி, நான்கு பிளக்கையும் கழற்றி, அக்சிலேற்றரை முழுதாக மிதித்துக் கம்பிறெஷன் பாருங்கள். நான்கு அளவும் ஒன்றுக்கொன்று 15 வீதத்துக்குள் இருக்க வேண்டும். குறைந்த சிலிண்டரில் ஒரு தேக்கரண்டி ஒயில் விட்டு மறுபடி பாருங்கள். அளவு ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு.

றேடியேற்றர் மூடியை எஞ்சின் ஆறியிருக்கும்போதே, ஸ்ரார்ட்டுக்கு முன், திறந்து பார்த்துவிடுங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக்கல்லில் ஊறி வருவது. கேத்தலில் படிவதுபோல எஞ்சினுக்குள்ளும் வெள்ளைக் கல் படியும். மூடிக்குக் கீழே வெள்ளை ஓடு கட்டியிருந்தால் சிலிண்டரைச் சுற்றிய நீர்வழியிலும் அது இருக்கும், றேடியேற்றரை மட்டும் மாற்றினால் சூடு குறையாது.

வயரிங் பற்றி ஒன்று மட்டும். இந்தக் கார்களில் பற்றரியின் பிளஸ் முனைதான் பொடியோடு பூட்டப்பட்டு வந்தது. சில கார்களை யாரோ இடையில் மாற்றியிருப்பார்கள். எது என்று பார்க்காமல் பற்றரி மாற்றினாலோ றேடியோ பூட்டினாலோ கருகும்.

படி 6: ஓட்டிப் பார்த்தல்

ஏற்றமே இல்லாத ஊரில் கிளச்சைச் சோதிக்க ஒரு வழி உண்டு. நாலாம் கியரில் மெதுவாகப் போகும்போது அக்சிலேற்றரை முழுதாக மிதியுங்கள். சத்தம் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளச் வழுக்குகிறது. ஓடும்போது முதலாம் கியர் கரகரப்பது இயல்பு, அதில் சிங்க்றோ (கியரைச் சத்தமின்றிச் சேர்க்கும் அமைப்பு) இல்லை. இரண்டாம் கியர் கரகரத்தால் தேய்மானம். அக்சிலேற்றரை விட்டதும் கியர் தானாக நியூட்றலுக்குத் துள்ளுகிறதா என்றும் கவனியுங்கள்.

ஓட்டத்தை நடுப்பகல் வெயிலில், அரைமணி நேரத்துக்குக் குறையாமல் வையுங்கள். வந்ததும் நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்ரார்ட் செய்யுங்கள். ஸ்ராட்டர் சுற்றவே தடுமாறினால் பற்றரி, வயர், ஸ்ராட்டர் மோட்டார் ஆகியவற்றைப் பாருங்கள். நன்றாகச் சுற்றியும் பிடிக்காவிட்டால் பெற்றோல் பம்பிலோ குழாயிலோ ஆவியாகியிருக்கலாம். பம்பின்மேல் ஈரத்துணி போட்டு ஐந்து நிமிடத்தில் பிடித்தால் அது சின்னக் குறை. அதற்கும் பிடிக்காவிட்டால் பிளக்குக்குப் பொறி தரும் கொயிலை மாற்றிப் பார்த்த பிறகு விலை கதையுங்கள்.