மாம்சம் வேறு, சரீரம் வேறு: தேவனை நெருங்க விரும்புவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"மாம்சம் ஆவிக்கு விரோதமாகவும், ஆவி மாம்சத்துக்கு விரோதமாகவும் இச்சிக்கிறது" என்ற கலாத்தியர் 5:17-ஐ வாசித்துவிட்டு, உடலே ஆவிக்குப் பகை என்று முடிவுகட்டுவது பலரும் செய்யும் தவறு. மற்ற தவறுகளில் பெரும்பாலானவை இதிலிருந்துதான் கிளைக்கின்றன. இந்த நிருபத்தை எழுதிய அப்போஸ்தலர் பவுல் கிரேக்கத்தில் 'சார்க்ஸ்', 'சோமா' என்று இரண்டு சொற்களைக் கையாளுகிறார். பழைய தமிழ் வேதாகமம் முன்னதைப் பெரும்பாலும் மாம்சம் என்றும் பின்னதைச் சரீரம் என்றும் பெயர்க்கிறது. நம் காதில் இரண்டும் உடலாகவே ஒலிப்பதால் வேறுபாடு மறைந்துபோகிறது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் இதே வசனத்தில் 'ஊனியல்பு' என்று எழுதுவது இந்தக் குழப்பத்தை ஓரளவு தீர்க்கிறது. தேவனை விட்டு விலகித் தன்னையே நம்பி வாழும் முழு மனிதனின் போக்கையே பவுல் இங்கே சுட்டுகிறார்.

ஐயமிருப்பவர்கள், அந்த வசனத்தையடுத்துப் பவுல் தரும் மாம்சத்தின் கிரியைகளின் பட்டியலை நிதானமாக வாசிக்கலாம். விபசாரமும் குடிவெறியும் அதில் உண்டு என்பது உண்மையே. ஆனால் பகை, விரோதம், வைராக்கியம், கோபம், சண்டை, பிரிவினை, மார்க்கபேதம், பொறாமை என்று தொடர்ச்சியாக வரும் எட்டும், ஒருவேளைகூட உண்ணாமல் முழங்காலில் நிற்பவரும் செய்யக்கூடியவை. (சபைத் தேர்தல் நடக்கும் மாதத்தில் இதை விளக்கவே தேவையிருக்காது.) அந்த வசனத்தில் வரும் ஆவியும் நமக்குள் இருக்கும் ஏதோ ஒரு மேலான பகுதியன்று, தேவனுடைய ஆவியே. அதற்காக, மாம்சம் என்ற சொல் வருமிடமெல்லாம் பாவத்தைக் குறிக்கிறது என்று கொண்டால் எதிர்ப்பக்கம் சறுக்கிவிடுவோம். "அந்த வார்த்தை மாம்சமாகி" என்று யோவான் 1:14 கிறிஸ்துவைப் பற்றிச் சொல்வதும் இதே சொல்லால்தான்.

உடலை இழிவாக நினைப்பவர்கள் எல்லோரும் அதை ஒடுக்குவார்கள் என்று எண்ண வேண்டாம். உடல் எப்படியும் அழியப்போவதால் அது செய்வது ஒன்றும் நம்மைத் தொடாது என்ற எண்ணமும் அதே வேரில் முளைப்பதுதான். சேற்றில் விழுந்த பொன் தன் அழகை இழப்பதில்லை, அதுபோல ஆவிக்குரியவர்களை எந்தச் செயலும் கறைப்படுத்தாது என்று பேசியவர்களை எதிர்த்து, லியோன் நகர ஆயர் இரேனியு 180-ஐ ஒட்டிய ஆண்டுகளில் விரிவாக எழுதினார். சரீரம் பரிசுத்த ஆவியின் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதியதும், உடலால் செய்வது பொருட்டல்ல என்று நினைத்தவர்களுக்கான கண்டிப்பே.

ஆவி, ஆத்துமா, சரீரம் என்று 1 தெசலோனிக்கேயர் 5:23 சொல்வதைக் கொண்டு மனிதனை மூன்று மாடிக் கட்டடமாக்கி, தேவன் மேல்மாடியில் மட்டும் குடியிருக்கிறார் என்று போதிப்பதும் உண்டு. பகுதிகள் இரண்டா மூன்றா என்பதில் சபைகளுக்குள் நெடுநாளாகவே கருத்துவேறுபாடு இருக்கிறது, அது இருக்கட்டும். ஆதியாகமம் 2:7 மனுஷன் ஜீவாத்துமாவைப் பெற்றான் என்று சொல்லவில்லை, மண்ணும் சுவாசமும் சேர்ந்து "ஜீவாத்துமாவானான்" என்றே சொல்கிறது. இறுதி நம்பிக்கையும் உடலைக் கழற்றி எறிவதன்று. ஞாயிறுதோறும் விசுவாசப்பிரமாணத்தில் சரீர உயிர்த்தெழுதலை அறிக்கையிட்டுவிட்டு, உடலற்ற ஆவிகளாக மிதக்கப்போவதாகப் பேசுவது பொருந்தாது. 1 கொரிந்தியர் 15:44-இல் வரும் "ஆவிக்குரிய சரீரம்" ஆவியால் செய்யப்பட்ட சரீரமன்று, பரிசுத்த ஆவியால் உயிர்பெற்று ஆளப்படும் சரீரம். உயிர்த்தெழுந்த இயேசு பொரித்த மீனை வாங்கிச் சீஷர்கள் கண்முன்னே உண்டார் என்று லூக்கா எழுதுகிறார்.

உபவாசத்தில் நேரும் தவறுகளைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பட்டினி நாட்களின் எண்ணிக்கையே நெருக்கத்தின் அளவு என்று நினைப்பது பழைய நோய். திருமணத்தை இகழ்ந்தும் ஞாயிற்றுக்கிழமையிலும் உபவாசித்தும் தங்களை உயர்த்திக்கொண்டவர்களை, இன்றைய துருக்கியில் உள்ள கங்ராவில் 4-ஆம் நூற்றாண்டில் கூடிய ஆயர்கள் கண்டித்தார்கள். 1522-இல் ஸ்பெயினின் மன்ரேசாவில் கடுந்தவத்தால் தம் உடல்நலத்தைக் கெடுத்துக்கொண்டவரும் பின்னர் இயேசு சபையை நிறுவியவருமான லொயோலா இஞ்ஞாசியார், 1548-இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய கடிதத்தில், உபவாசத்தைக் குறைத்து வயிற்றைத் தேற்றிக்கொள்ளும்படியும், ஆத்துமாவைப் போலவே உடலும் ஆண்டவருடையது என்பதால் இரண்டுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்தினார். கத்தோலிக்கத் திருச்சபைச் சட்டமும் நோன்புக் கடமையை 18 வயது நிரம்பியதிலிருந்து 60-ஆம் வயது தொடங்கும் வரைதான் விதிக்கிறது. நோயாளிகளுக்கு விலக்கு உண்டு. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர், லெந்து எனும் தவக்கால நாட்களில் மருத்துவரிடம் கேட்காமல் உணவை நிறுத்துவது பக்தியில் சேராது. நோயையே பாவத்தின் அடையாளமாகப் பார்க்கும் பழக்கத்தை யோவான் 9:3-இல் இயேசுவே மறுத்துவிட்டார்.

கண்ணீர், உடல் நடுக்கம், உள்ளம் உருகுதல் ஆகியவற்றை வைத்துத் தேவனுடைய அருகாமையை அளப்பதும் தவறே. இவை வரலாம், வராமலும் போகலாம். கொல்கத்தாவின் அன்னை தெரேசா பல பத்தாண்டுகள் தேவனுடைய பிரசன்னத்தை உணராமலே ஜெபித்தும் உழைத்தும் வந்தார் என்பது, 2007-இல் அவருடைய கடிதங்கள் அச்சானபோதுதான் பரவலாகத் தெரிந்தது. அதே வேளையில், எல்லாச் சோர்வையும் ஆவிக்குரிய இருள் என்று பெயரிட்டு ஜெபத்தை மட்டும் கூட்டுவதும் ஆபத்தானது. தூக்கமின்மையும் மனச்சோர்வும் தைராய்டுக் குறைவும் ஜெபத்தை வறளச் செய்யக்கூடும். அவற்றுக்கு மருத்துவரைப் பார்ப்பது அவிசுவாசமன்று. சூரைச்செடியின் கீழ்ப் படுத்துக்கொண்டு, போதும், சாகவேண்டும் என்று கேட்ட எலியா தீர்க்கதரிசிக்குத் தூதன் கண்டிப்பும் சொல்லவில்லை, போதனையும் செய்யவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் அவன் தலைமாட்டில் இருந்தன. உண்டு, குடித்து, மறுபடியும் உறங்கி, மறுபடியும் எழுப்பப்பட்டு உண்ட பிறகே அவன் ஓரேப் மலையை நோக்கி நடந்தான்.