மைக்ரோவேவ் அடுப்பில் சாப்பாட்டைச் சூடாக்கும் முன்

தேக்கா உணவங்காடியில் வாங்கி வந்த மீன் குழம்பை, அது வந்த பிளாஸ்டிக் டப்பாவோடு அப்படியே மைக்ரோவேவ் அடுப்பில் வைத்துச் சூடாக்குவது சிங்கப்பூரில் பல வீடுகளில் அன்றாட வழக்கமாகிவிட்டது. சாப்பிட்டு முடித்த பின் அந்த டப்பாவைக் கழுவிப் பாருங்கள்: எண்ணெய் மிதந்த மட்டத்தில், உட்சுவரைச் சுற்றிச் சொரசொரப்பான வெள்ளைத் தழும்பு ஒரு கோடாக ஓடியிருக்கும். தண்ணீர் 100 டிகிரி செல்சியஸை ஒட்டிக் கொதித்து ஆவியாகிவிடும். எண்ணெயோ அதையும் தாண்டிச் சூடேறும் என்பதால், அது படும் இடத்தில் பிளாஸ்டிக் இளகிவிடுகிறது. அடிப்புறத்து முக்கோணத்தில் 5 என்ற எண் உள்ள டப்பாக்கள் பொதுவாக ஓரளவு சூடு தாங்கும்; வெள்ளை நுரைப்பெட்டியை உள்ளே வைக்கவே கூடாது. எண் எதுவாயினும், எண்ணெய் மிதக்கும் குழம்பையும் சம்பலையும் கண்ணாடிக் கிண்ணத்துக்கு மாற்றிவிடுங்கள் என்பதே என் உறுதியான பரிந்துரை. எவர்சில்வர் டிபன் டப்பா, அலுமினியத் தாள், பொன்விளிம்பு வைத்த பீங்கான், பொட்டலத்தில் அடித்திருக்கும் சிறு கம்பி ஊசி ஆகியவை தீப்பொறி கிளப்பும்.

கிண்ணம் சுடுகிறது என்பதால் சாப்பாடும் சூடாகிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். ஏறத்தாழ 2450 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் வரும் அலைகள் உணவிலுள்ள நீர் மூலக்கூறுகளை உலுக்கிச் சூடாக்குகின்றன. ஆனால் அவை இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம் வரைதான் வலுவாக ஊடுருவும். எனவே குவித்து வைத்த பிரியாணியின் ஓரம் ஆவி பறக்கும்போதே நடுவிலிருக்கும் கோழித்துண்டு குளிர்ந்து கிடக்கலாம். சோற்றைக் குவிக்காமல் பரப்பி, நடுவில் சிறு பள்ளம் விட்டு, பாதி நேரத்தில் நிறுத்திக் கிளறி, முடிந்தபின் இரண்டு நிமிடம் மூடியபடி வைத்திருந்தால் சூடு சீராகப் பரவும். நடுப்பகுதியும் 75 டிகிரியை எட்ட வேண்டும். இரவு முழுதும் வெளியில் இருந்த சோற்றை எவ்வளவு சூடாக்கினாலும் பயனில்லை; அதில் பெருகும் ஒருவகைக் கிருமி விடும் நச்சு சூட்டுக்கு அழியாது. நம் ஊர் வெக்கைக்குச் சமைத்த சோறு இரண்டு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டிக்குப் போய்விட வேண்டும்.

வெறும் தண்ணீரில் எல்லோரும் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். வழவழப்பான கோப்பையில் அது கொதிநிலையைக் கடந்த பின்னும் ஒரு குமிழிகூட இல்லாமல் அசையாமல் நிற்கக்கூடும். மைலோத் தூளைப் போட்டதும், அல்லது கரண்டி பட்டதும், அத்தனையும் சீறி எழுந்து முகத்திலும் கையிலும் தெறிக்கும். ஒரு மரக்குச்சியைப் போட்டே சூடாக்குங்கள், அரை நிமிடம் பொறுத்து எடுங்கள். ஓட்டோடு கூடிய முட்டை வெடிக்கும். அவித்து உரித்த முட்டையும் வாயில் வைத்த பின் வெடிக்கலாம். குழந்தையின் பால்புட்டியைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியே வெதுவெதுப்பாக்குங்கள். மைக்ரோவேவில் வைத்தால் புட்டி வெளியே இதமாக இருக்க, உள்ளே பால் நாக்கைச் சுட்டுவிடும்.

கறிவேப்பிலை, காய்ந்த மிளகாய், அப்பளம் போன்ற ஈரமற்றவற்றை வைத்துவிட்டு அப்பால் போகாதீர்கள். அவை கருகித் தீப்பிடிக்கும். தீ தெரிந்தால் கதவைத் திறக்கவே கூடாது, ஏனெனில் காற்று புகுந்தால் அது வளரும். சுவரிலுள்ள சுவிட்சை அணைத்து, தானாக அவியும்வரை காத்திருங்கள். அடங்காவிட்டால் அனைவரையும் வெளியேற்றிவிட்டுத் தீயணைப்புப் படையின் 995 எண்ணை அழையுங்கள்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை குறுகலானதுதான், எனினும் அடுப்பின் காற்றுத் துளைகளைச் சுவரோடு ஒட்டவைக்காதீர்கள், மேலே துணி போடாதீர்கள். கதவு சரியாகப் பொருந்தாவிட்டாலோ விளிம்பு நசுங்கியிருந்தாலோ பயன்படுத்துவதை நிறுத்திவிடுங்கள். மேல் உறையைக் கழற்றி நீங்களே பழுதுபார்க்க முயலாதீர்கள்: பிளக்கைப் பிடுங்கிய பின்னும் உள்ளிருக்கும் மின்தேக்கியில் உயிரைப் பறிக்கும் அளவு மின்னழுத்தம் தங்கியிருக்கக்கூடும்.