சோலார் போட குறைந்த வட்டிக் கடன்: எங்கே தொடங்குவது, எப்படிக் கணக்குப் போடுவது

மொட்டை மாடியில் சோலார் போட இப்போது கையில் மொத்தப் பணம் தேவையில்லை. 2024 பிப்ரவரியில் வந்த, வீட்டு சோலாருக்கான மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் திட்டத்தில் மானியமும் உண்டு, அடமானம் இல்லாத குறைந்த வட்டிக் கடனும் உண்டு. தமிழ்நாட்டில் சொந்த வீடும் வெயில் படும் மாடியும் உள்ள யாரும் இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம். ஆனால் நேராக வங்கிக்குப் போய்விடாதீர்கள். வீட்டில் வீணாகும் கரண்ட்டை முதலில் குறைத்துவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் கடன் வாங்குங்கள். வரிசையை மாற்றினால், வீணாகும் கரண்ட்டுக்கும் சேர்த்து பத்து வருடம் தவணை கட்டுவீர்கள்.

முதல் படி: ஒரு வருட பில்லை எடுங்கள்

மின்வாரிய இணையதளத்தில் உங்கள் சர்வீஸ் நம்பரைப் போட்டால் பழைய ரீடிங் எல்லாம் கிடைக்கும். வருடத்துக்கு ஆறு பில். ரூபாயைப் பார்க்காதீர்கள், யூனிட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே பில்லை மட்டும் வைத்து முடிவெடுத்தால் சோலார் பெரிதாகிவிடும். ஆறையும் கூட்டிச் சராசரி எடுங்கள்.

இதில் 500 யூனிட் கோடுதான் முக்கியம். இரண்டு மாதத்தில் 500-ஐத் தாண்டாத வீட்டுக்கு முதல் 100 யூனிட் இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்குச் சலுகை விலை. தாண்டிவிட்டால் அந்தச் சலுகை விலை போய்விடும், 500-க்கு மேல் போகும் ஒவ்வொரு யூனிட்டும் எட்டு ரூபாய்க்கு மேல் ஆகும். 501-வது யூனிட்டில் பில் எகிறுவது இதனால்தான். இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்டுக்குள் முடித்துவிடும் வீடு என்றால் சோலார் கடனே வேண்டாம் என்பேன். தவணை அளவுக்கு பில்லில் மிச்சம் வராது.

இரண்டாம் படி: கடன் இல்லாமல் குறையக்கூடியதைக் குறையுங்கள்

இரண்டு மாதத்துக்கு 900 யூனிட் ஓடும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். ஐந்து பழைய மின்விசிறிகள், ஒவ்வொன்றும் 75 வாட். அதே காற்றை பிஎல்டிசி விசிறி, அதாவது குறைந்த கரண்ட்டில் ஓடும் புது வகை மோட்டார் வைத்த விசிறி, 30 வாட்டுக்குள் தந்துவிடும். ஒரு விசிறிக்கு 45 வாட் மிச்சம். நம் ஊர் வெயிலுக்கு நாளுக்கு 12 மணி நேரம் ஓடும் என்று வைத்தால், ஐந்துக்கும் சேர்த்து நாளைக்கு 2.7 யூனிட், இரண்டு மாதத்துக்கு 160 யூனிட்டுக்கு மேல் குறைகிறது. பழைய சோக்கு வைத்த டியூப் லைட் நான்கை எல்இடி ஆக்கினால் இன்னொரு நாற்பது. ஆக 900 என்பது 700 ஆகிறது.

இங்கே குறைவது விலை கூடிய மேல்தட்டு யூனிட்டுகள் என்பதைக் கவனியுங்கள். ஆறாயிரத்தை ஒட்டி வந்த பில் நாலாயிரத்தை ஒட்டி இறங்கும். விசிறி ஒன்று மூவாயிரம் என்று வைத்தாலும் போட்ட காசு ஒன்றரை வருடத்துக்குள் திரும்பிவிடும். ஒரே நேரத்தில் ஐந்தும் வாங்க வேண்டியதில்லை. ஹாலிலும் படுக்கையறையிலும் அதிகம் ஓடும் இரண்டை முதலில் மாற்றி, மிச்சமாகும் பணத்தில் மற்றதை மாற்றலாம்.

மேல் மாடி வீடு அனலாய்க் கொதிக்கிறதா? தளத்தில் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைப் பூச்சு அடியுங்கள். ஏசி ஓடும் நேரம் தானாகக் குறையும். நன்றாக ஓடும் ஏசியைக் கடன் வாங்கி மாற்றாதீர்கள்; அது பழுதாகி மாற்றும் நாள் வரும்போது ஐந்து நட்சத்திர இன்வெர்ட்டர் ஏசியாகப் பாருங்கள்.

கடையில் சொல்லும் 'வட்டியில்லாத் தவணை'யைப் பற்றி ஒரு வார்த்தை. அது குறைந்த வட்டிக் கடன் இல்லை. வட்டியை விலையிலோ, கிடைக்காமல் போன தள்ளுபடியிலோ, செயலாக்கக் கட்டணத்திலோ வைத்திருப்பார்கள். ரிசர்வ் வங்கியே 2013-ல் பூஜ்ய வட்டி என்று சொல்லி விற்பதைக் கண்டித்து வங்கிகளுக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூன்றாம் படி: எத்தனை கிலோவாட்?

நம் ஊரில் 1 கிலோவாட் சோலார் சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240. ஐப்பசி, கார்த்திகை மழையில் குறையும், மாசி, பங்குனியில் கூடும். 700 யூனிட் வீட்டுக்கு 2 கிலோவாட் போதும். 480 யூனிட் சோலாரில் வந்துவிட்டால் மின்வாரியத்திடம் வாங்குவது 220 தான். விலை கூடிய தட்டு முழுக்கக் காலி.

விசிறியை மாற்றாமல் 900-லேயே இருந்திருந்தால் 3 கிலோவாட் கேட்டிருக்கும். வித்தியாசம் அங்கேதான்.

1 கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும். தண்ணீர்த் தொட்டியின் நிழலும் பக்கத்து வீட்டுத் தென்னை நிழலும் காலை, மதியம், மாலை எங்கே விழுகிறது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மேலே ஏறி நீங்களே பாருங்கள்.

நான்காம் படி: பெயர் பொருந்துகிறதா?

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது. மின் இணைப்பு இன்னும் காலமான அப்பா பெயரிலோ, வீட்டை விற்றவர் பெயரிலோ இருக்கும். இணைப்பு யார் பெயரிலோ அவர் பெயரில்தான் விண்ணப்பம், கடன், மானியம் எல்லாம் போகும். எனவே முதலில் மின்வாரியத்தில் பெயர் மாற்றம் செய்துவிடுங்கள். ஆதார், பான், வங்கிக் கணக்கு மூன்றிலும் இன்ஷியல் உட்பட ஒரே மாதிரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஐந்தாம் படி: பதிவு, நிறுவனம், கடன்

பிஎம் சூர்ய கர் தேசிய இணையதளத்தில் சர்வீஸ் நம்பரோடு பதிவு செய்யுங்கள். முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடிய வேண்டும். அதே பெயரில் உலவும் மற்ற தளங்களில் ஆதார் எண்ணைக் கொடுக்காதீர்கள். அந்தத் தளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் இரண்டு மூன்றிடம் கொட்டேஷன் வாங்குங்கள். பேனலின் பிராண்டும் வாட்டும், இன்வெர்ட்டரின் பிராண்டும் வாரண்டியும், தாங்கும் இரும்புச் சட்டத்தின் உயரமும் அதில் எழுத்தில் இருக்க வேண்டும். மானியம் வேண்டுமென்றால் பேனல் இந்தியாவில் செய்த செல் கொண்ட 'டிசிஆர்' வகையாக இருக்க வேண்டும். விலை மலிவாக இருக்கிறதே என்று வேறு பேனலுக்குத் தலையாட்டினால் மானியம் போய்விடும்.

கடனுக்கு மத்திய அரசின் கடன் விண்ணப்பத் தளமான ஜன் சமர்த் வழியாக விண்ணப்பிக்கலாம். பொதுத்துறை வங்கிக் கிளையிலும் கேட்கலாம். 3 கிலோவாட் வரை, 2 லட்சம் ரூபாய்க்குள், அடமானம் கிடையாது. நீங்கள் போட வேண்டியது 10 சதவீதம், காலம் பத்து வருடம் வரை. வட்டி என்பது ரெப்போ விகிதத்தோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, அரை சதவீதம் சேர்ந்தது. 2024-ல் ரெப்போ 6.5 ஆக இருந்தபோது 7 சதவீதம். 2025 ஜூனில் ரெப்போ 5.5 ஆனதும் 6. தனிநபர் கடனோடு ஒப்பிட்டால் ஏறக்குறைய பாதி. ஆகவே கிளையில் யாராவது "சோலாருக்குத் தனிநபர் கடனே போட்டுக்கொள்ளுங்கள், சீக்கிரம் முடியும்" என்றால் பொறுமையாக இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லியே கேளுங்கள். பணம் நிறுவனத்தின் கணக்குக்கு நேரே போகும். முழுத் தொகையையும் வேலை தொடங்கும் முன்பே கொடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஆறாம் படி: தவணையும் மானியமும்

மானியம் முதல் 2 கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. அதற்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000 தான்.

நம் 2 கிலோவாட் வீட்டுக்கு 1,40,000 ரூபாய் கொட்டேஷன் என்று வைப்போம். கையிலிருந்து 14,000, கடன் 1,26,000. 6 சதவீத வட்டி, பத்து வருடம் என்றால் மாதத் தவணை சுமார் 1,400. பில்லில் மிச்சமாவது மாதத்துக்கு 1,500 முதல் 1,700 வரை. முதல் மாதத்திலிருந்தே பில்லில் மிச்சமாகும் பணமே தவணையைக் கட்டிவிடுகிறது. உங்கள் வீட்டுக் கணக்கில் தவணை இதைவிடக் கூடுகிறது என்றால் கிலோவாட்டைக் குறையுங்கள், அல்லது கொஞ்சம் சேமித்துவிட்டு வாருங்கள்.

மானியமாக வரும் 60,000-ஐ என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் பெரிய லாபம் இருக்கிறது. அதை அப்படியே அசலில் கட்டிவிட்டு, தவணையைக் குறைக்காமல் அதே 1,400 கட்டி வந்தால் கடன் நாலரை வருடத்தில் தீரும். பத்து வருடத்துக்கு வட்டி மட்டும் 42,000 ஆகியிருக்கும். இப்போது பத்து, பதினோராயிரத்தில் முடிகிறது. ரெப்போவோடு ஏறி இறங்கும் இதுபோன்ற மாறும் வட்டிக் கடனைத் தனிநபர் முன்கூட்டி அடைத்தால் அபராதம் வாங்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. மானியம் கடன் கணக்கில் வரவாகுமா, சேமிப்புக் கணக்குக்கு வருமா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டு வையுங்கள். சேமிப்புக் கணக்குக்கு வந்தால் அன்றே வங்கிக்குப் போய், "தவணை அப்படியே இருக்கட்டும், மாதங்களைக் குறையுங்கள்" என்று எழுதிக் கொடுங்கள். சொல்லாவிட்டால் தவணையைக் குறைத்து, காலத்தை அப்படியே விட்டுவிடலாம்.

ஏழாம் படி: மீட்டர், அப்புறம்

பேனல் ஏறியதும் மின்வாரியம் வந்து பார்த்து நெட் மீட்டர் பொருத்தும்; நீங்கள் மின்வாரியத்திடம் வாங்கும் யூனிட்டையும், சோலாரில் மிஞ்சி லைனுக்கு அனுப்பும் யூனிட்டையும் கணக்கெடுக்கும் மீட்டர் அது. அதன் பிறகே மானியத்துக்கு வங்கி விவரம் கேட்கும்; பொதுவாக முப்பது நாளுக்குள் பணம் வரும். ஓடிபி-யை நிறுவனத்துக்காரரிடம்கூடச் சொல்ல வேண்டாம்.

பேட்டரி இல்லாத சோலார் கரண்ட் போனால் நின்றுவிடும், பட்டப்பகல் வெயிலிலும். லைனில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக வைத்த ஏற்பாடு அது. கரண்ட் வெட்டுக்காக சோலார் போட நினைத்தவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

பேனலில் தூசியும் காக்கை எச்சமும் படிந்தால் உற்பத்தி இறங்கும். வாரம் ஒருமுறை காலையில், பேனல் சூடாவதற்குள், தண்ணீர் விட்டு மென்மையான துடைப்பானால் துடைத்தால் போதும். முதல் பில் வந்ததும் அதில் வாங்கிய யூனிட், அனுப்பிய யூனிட் இரண்டும் தனித்தனியாக இருக்கிறதா என்று பாருங்கள். அனுப்பியது பூஜ்யம் என்று இருந்தால் மீட்டர் மாற்றம் கணினியில் ஏறவில்லை என்று பொருள். பில்லைக் கட்டுவதற்கு முன் உங்கள் பிரிவு அலுவலகத்தில் நெட் மீட்டரின் போட்டோவோடு எழுத்தில் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.