நூறு பேர் வசிக்கும் சிற்றூருக்கு ஒரு கழிவுநீர்ப் படுகை: கட்டும் முறை

கழிவுநீர்ப் படுகை என்பது ஜல்லி நிரப்பிச் செடி நட்ட பள்ளம்; செப்டிக் டேங்கில் கசடு படிந்தபின் வரும் நீர் அந்த ஜல்லி வழியே ஓடிச் சுத்தமாகும். கல்வாழை நட்டால் தண்ணீர் சுத்தமாகிவிடும் என்று நம்பித்தான் பலர் இதில் இறங்குகிறார்கள். செடியின் பங்கு கொஞ்சம்தான். ஜல்லியில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்கின்றன. கசடு வந்து ஜல்லியை அடைத்தால் அவற்றின் வேலை நின்றுபோகும். அதனால் செப்டிக் டேங்கில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

1. கணக்கு

ஆளுக்கு நாளொன்றுக்கு 80 லிட்டர் கழிவுநீர் என்றால் 100 பேருக்கு 8,000 லிட்டர். மழைநீரை இதில் சேர்க்கவே கூடாது. ஒரு பெருமழை போதும், டேங்கில் படிந்த கசடெல்லாம் கிளம்பிப் படுகைக்குப் போய்விடும்.

2. செப்டிக் டேங்க்

இரண்டு நாள் நீருக்கு 16,000 லிட்டர், கசடு தங்க 8,000 லிட்டர். உள்ளளவு 7 மீட்டர் நீளம், 2 மீட்டர் அகலம், 1.75 மீட்டர் நீர் ஆழம் இருந்தால் சரியாக வரும். மேலே 30 செ.மீ. காலியிடம் விடுங்கள். குறுக்குச் சுவர் வைத்து மூன்றில் இரண்டு பங்கை முதல் அறைக்குக் கொடுங்கள். சுவரின் நடு ஆழத்தில் துவாரம் இருக்கட்டும்.

நீர் நுழையும் குழாயைவிட வெளியேறும் குழாய் 5 முதல் 7 செ.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். இரண்டிலும் டீ பைப் (T வடிவக் குழாய்) அவசியம். வெளியேறும் டீயின் கீழ்க்கால் நீருக்குள் 40 செ.மீ. இறங்காவிட்டால், மேலே மிதக்கும் எண்ணெய்ப் படலம் நேராக ஜல்லிக்குப் போகும். காற்றுப்போக்கிக் குழாயையும் மறக்க வேண்டாம்.

3. படுகை

வெப்பமான ஊர்களில் ஆளுக்கு 3 சதுர மீட்டர் போதும், குளிர்ப் பகுதியில் கூடுதலாக வேண்டும். 300 சதுர மீட்டரை ஒரே படுகையாக வெட்டாமல், 10 மீட்டர் அகலம், 15 மீட்டர் நீளத்தில் இரண்டாக வெட்டுங்கள். பழுது பார்க்கும்போது ஒன்றை ஓய்வில் விடலாம்.

அடித்தளம் மீட்டருக்கு 1 செ.மீ. சரியட்டும், நுழைவில் 50 செ.மீ., முடிவில் 65 செ.மீ. ஆழம். மேற்பரப்பு மட்டமாக இருக்க வேண்டும், டியூப் லெவல் (நீர் நிரப்பிய கண்ணாடிக் குழாய் மட்டம்) வைத்துப் பாருங்கள். நீர் மண்ணில் இறங்காதபடி கெட்டிக் களிமண்ணோ தடித்த பிளாஸ்டிக் விரிப்போ போடுங்கள்.

இரு முனைகளிலும் முழு அகலத்துக்கு 40 முதல் 80 மி.மீ. கற்கள், இடையில் 10 முதல் 20 மி.மீ. ஜல்லி. கழுவாத ஜல்லியைக் கொட்டினால் அதிலுள்ள தூளே படுகையை அடைத்துவிடும். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை விடாதீர்கள்.

வெளியேறும் முனையில் திருப்பக்கூடிய எல்போ (வளைகுழாய்) வையுங்கள். அதைச் சாய்த்தால் நீர்மட்டம் இறங்கும், நிமிர்த்தினால் ஏறும். ஜல்லியின் மேற்பரப்புக்கு 5 முதல் 10 செ.மீ. கீழே நீர் நிற்கட்டும். மேலே தெரிந்தால் கொசு வரும்.

நாணல் அல்லது கல்வாழையைச் சதுர மீட்டருக்கு நான்கு வீதம் நடுங்கள். வேர் பிடிக்கும்வரை நீர்மட்டத்தைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

4. பராமரிப்பு

படுகையின் நுழைவுப் பக்கத்தில் நீர் தேங்கினால் எல்போவை மட்டும் சாய்த்துவிட்டு நகராதீர்கள், டேங்கைப் பாருங்கள். அடியில் படியும் கசடும் மேலே மிதக்கும் படலமும் சேர்ந்து டேங்கின் மூன்றில் ஒரு பங்கை எட்டியதும் எடுக்க வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை. உறிஞ்சும் வண்டியால் மட்டுமே எடுங்கள். உள்ளே விஷவாயு இருக்கும், எவரையும் இறக்கக் கூடாது.

வெளிவரும் நீர் தெளிவாக இருந்தாலும் கிருமிகள் முழுதாகப் போயிருக்காது. மரங்களுக்குப் பாய்ச்சலாம், பச்சையாகச் சாப்பிடும் காய்கறிகளுக்குக் கூடாது.