பெரிய ஜீப்பிலும் ஏன் இந்தக் குலுக்கல்? சஸ்பென்சன் தெரிவில் விடக்கூடாத பிழைகள்

அம்மாவுக்கு முள்ளந்தண்டில் சத்திரசிகிச்சை நடந்த பிறகு, மாதம் ஒரு தடவை யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. பஸ்ஸில் ஏற்ற ஏலாது. காணித்துண்டு ஒன்றை விற்று, ரொயோட்டாவின் 120 ரகப் பிராடோ ஜீப் ஒன்று வாங்கினேன். எங்கள் வீடு ஒட்டுசுட்டானிலிருந்து முத்தையன்கட்டுப் பக்கம், உள்ளுக்கு. வாசலிலிருந்து தார் வீதிக்கு வர நாலு கிலோமீற்றர் கிறவல். பிறகு ஏ34 வீதியில் மாங்குளம், அங்கிருந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 வீதி. முதல் பயணத்தில் ஏ9 முழுக்க அம்மா நித்திரை. ஆனால் அந்த நாலு கிலோமீற்றருக்குள் மூன்று தரம், "நிப்பாட்டு மோனை, ஏலாமக் கிடக்கு" என்றா.

வாங்கும்போது நான் ஓடிப்பார்த்தது ஏ9இல் மட்டும். வன்னியில் ஜீப் வாங்குகிற முக்கால்வாசிப் பேர் விடுகிற பிழை இதுதான். நல்ல தாரில் 70இல் ஓடினால் எந்தப் பெரிய வாகனமும் தொட்டில் மாதிரித்தான் இருக்கும். சில்லுக்கும் உடம்புக்கும் இடையில் இருந்து அடியை வாங்குகிற அமைப்புத்தான் சஸ்பென்சன். அதில் நீளமான ஏற்ற இறக்கத்தைத் தாங்குவது ஸ்பிறிங்கும் சொக் அப்சோபரும். மாரி முடிந்த கிறவலில், மணலில் அலை விழுந்தது போல வரிவரியாகக் கிடக்கிறதே, அந்தச் சின்ன, கூரான அடிகளை முதலில் வாங்குவது ரயரும், மூட்டுகளில் இருக்கிற றப்பர் புஸ்களும். முதலாவது நன்றாக இருப்பதால் இரண்டாவதும் நன்றாக இருக்கும் என்று எண்ணக்கூடாது. வாங்க முதல், குழி விழுந்த ஒரு உள் வீதியில் இருபது, முப்பது வேகத்தில் ஓடச் சொல்லுங்கள். நீங்கள் பின் சீற்றில் இருங்கள். ஓட்டுநரின் சீற் முன் சில்லுக்கும் பின் சில்லுக்கும் நடுவில் இருக்கிறது; மூன்றாவது வரிசை பின் சில்லுகளின் அச்சான அக்சிலுக்கு மேலேயே இருக்கிறது. நோயாளியும் கிழடுகளும் பின்னுக்குத்தான் இருப்பினம். நாங்களோ ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு "நல்ல சொகுசு" என்று முடிவெடுக்கிறோம்.

பெயரைப் பார்த்து வாங்குவது இன்னொரு பிழை. நாங்கள் மொண்டெரோ என்று சொல்கிற மிற்சுபிசி பஜேரோவில், 1999இல் வந்த மூன்றாம் தலைமுறையிலிருந்து நாலு சில்லுக்கும் தனித்தனி சஸ்பென்சன். ஒரு சில்லு குழியில் விழுந்தால் மற்றச் சில்லு பெரிதாக அசையாது. பெயரில் தம்பி மாதிரி வருகிற மொண்டெரோ ஸ்போர்ட், பிக்அப் ஒன்றின் அடித்தளத்தில் கட்டியது. பின் சில்லுகள் இரண்டையும் ஒரே அக்சில் பிணைக்கிறது. பிராடோவின் பின்பக்கமும் அப்படித்தான். ஒரே அக்சில் பாரத்துக்கும் முரட்டுப் பாதைக்கும் நல்லது, திருத்தவும் லேசு. ஆனால் ஒருபக்கச் சில்லு குழியில் விழுந்தால் உள்ளே இருக்கிறவரின் தலை இடமும் வலமும் ஆடும். கழுத்து, முதுகு வருத்தக்காரரைத்தான் ஏற்றப்போகிறீர்கள் என்றால் இதை எடைபோட வேண்டும். பின்பக்கம் லீவ் ஸ்பிறிங் (அடுக்கிய இரும்புத் தட்டுகள்) உள்ள டபிள் கப் பிக்அப்பை ஆட்களுக்காக மட்டும் வாங்குவதை நான் ஆதரிக்க மாட்டேன். மூடை ஏற்றினால்தான் அந்தத் தட்டுகள் வளையும்.

இனி, தேய்ந்த சொக்கை "மெத்தென்று இருக்கு" என்று நினைப்பது. ஸ்பிறிங் பாரத்தைச் சுமக்கிறது. சொக் அதன் ஆட்டத்தை உள்ளே எண்ணெயில் வாங்கி வெப்பமாக்கி அடக்குகிறது. சொக் போனால் வாகனம் மிதக்கும். மதகு ஒன்றில் ஏறி இறங்கிய பிறகும் பின்பக்கம் இரண்டு மூன்று தரம் எழும்பி விழும். அதைச் சொகுசு என்று எடுத்தால் அரை மணித்தியாலத்தில் பின்னால் இருக்கிறவருக்குச் சத்தி வரும். மூலையில் கையால் அமுக்கிப் பார்க்கிற பழைய சோதனை இந்தப் பாரமான வாகனங்களில் அவ்வளவு பிடிபடாது. ஓட்டிப் பாருங்கள், சொக்கின் உடம்பில் எண்ணெய் கசிந்து புழுதி அப்பியிருக்கிறதா என்று கீழே குனிந்தும் பாருங்கள். மாற்றினால் முன் இரண்டும், அல்லது பின் இரண்டும் சேர்த்துத்தான்.

இதற்கு எதிர்ப்பக்கப் பிழைதான் பணத்தை அதிகம் தின்பது: "ஹெவி டியூட்டி". எங்கள் பாதை மோசம், ஆகவே பலமானது போடுவோம் என்று யோசிப்பது இயல்பு. ஆனால் ஸ்பிறிங்குகள் பாரக் கணக்கில் செய்யப்படுகின்றன. எப்போதும் 300 கிலோ மேலதிகமாகச் சுமக்கிற வாகனத்துக்கென்று செய்த ஸ்பிறிங்கை, அம்மாவும் நானும் மட்டும் போகிற வண்டிக்குப் போட்டால் அது அமுங்கவே அமுங்காது. விதைநெல் ஏற்றுவது வருசத்தில் இரண்டு தரம் என்றால், மிச்ச நாள் முழுக்க அந்த மூடைகளுக்காக நாம் குலுங்குகிறோம். பாரத்தை எழுதிப் பாருங்கள்: கிழமையில் எத்தனை நாள், எத்தனை பேர், எவ்வளவு சாமான். அதற்குத்தான் ஸ்பிறிங்.

இரண்டு அங்குலம் உயர்த்துவதும் இதோடு சேர்ந்தது. மாரியில் வெள்ளம் குறுக்கறுக்கும், ஆகவே உயர்த்துவோம் என்கிறார்கள். உடம்பு உயரும், ஆனால் பின் அக்சிலின் நடுவில் தொங்குகிற டிபரன்சல் என்ற பற்சில்லுப் பெட்டி அப்படியே இருக்கும்; அதை உயர்த்துவது பெரிய ரயர் மட்டும்தான். முன்பக்கமோ சில்லு கீழே இறங்குவதற்கு இருந்த இடம் குறைகிறது. குழிக்குள் சில்லு தொங்கி விழும்போது "டக்" என்று ஒரு அடி கேட்கும். சில்லைச் சுழற்றுகிற டிரைவ் சாவ்ட்டின் மூட்டுகளின் கோணம் கூடி அவை கெதியாய்த் தேயும். சில்லு அலைன்மென்ட்டும் திரும்பச் செய்ய வேண்டும். நோயாளிக்கு ஏறுவதற்கு இன்னும் ஒரு படி உயரம் வேறு.

ரிம்மைப் பற்றிச் சுருக்கமாக ஒரு கணக்கு. 265/65 ஆர்17 என்றால் ரயர் அகலம் 265 மில்லிமீற்றர், பக்கச்சுவர் அதில் 65 வீதம், ரிம் 17 அங்குலம்; பக்கச்சுவர் ஏறத்தாழ 172 மில்லிமீற்றர். கிட்டத்தட்ட அதே மொத்த உயரத்துக்கு 20 அங்குல ரிம் போட்டால் ரயர் 265/50 ஆர்20, பக்கச்சுவர் 132. நாலு சென்ரிமீற்றர் றப்பரும் காற்றும் போய்விட்டது. பெரிய ரிம் பெரும்பாலும் பாரமும் கூட, அதனால் குழியில் அடிபட்டு எழும்புகிற சில்லை ஸ்பிறிங்கால் உடனே அடக்க முடியாது. எந்த விலையுயர்ந்த சொக்கும் அந்த நாலு சென்ரிமீற்றரைத் திருப்பித் தராது. காற்றும் அப்படித்தான். என் வாகனத்துக்குச் சாரதிக் கதவுத் தூணில் ஒட்டியிருந்த அளவைவிட 10 பிஎஸ்ஐ கூட அடித்திருந்தார்கள். அதைச் சரியாக்கிய அன்றுதான் அம்மா முதன்முதலாக வழியில் கதைத்துக்கொண்டு வந்தா. செலவு ஒரு சதமும் இல்லை.

ஸ்பிறிங்குக்குப் பதிலாகக் காற்றுப்பை பாரத்தைச் சுமக்கிற எயார் சஸ்பென்சனில் இரண்டு விதமான பிழை நடக்கிறது. ஒரு பகுதியினர் பெயரைக் கேட்டதுமே பயந்து விலகி ஓடுகிறார்கள். மறுபகுதியினர் அதுதான் உச்சச் சொகுசு என்று பழசையும் வாங்குகிறார்கள். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. அதனால் இங்கே ஓடுகிற ஜீப்புகளில் மிகப் பல பதினைந்து, இருபது வயதானவை. காற்றுப்பையின் றப்பரில் அந்த வயதில் மடிப்புகளில் வெடிப்பு விழும். மடிப்புக்குள் சேறும் மணலும் போனால் இன்னும் கெதியாக விழும். கசிவு சின்னதாக இருக்கும்போது காற்றடிக்கிற கொம்பிரசர் ஓடி ஓடி ஈடுகட்டும். கடைசியில் அதுவும் கருகும். வாங்க முதல் ஒரு இரவு நிறுத்தி வைக்கக் கேளுங்கள். மாலையிலும் காலையிலும் சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை அளவு நாடாவால் அளவுங்கள். ஒருபக்கம் இறங்கியிருந்தால் பை கசிகிறது. சில 120 பிராடோக்களில் பின்பக்கம் மட்டும்தான் காற்றுப்பை, முன்பக்கம் கொயில் என்கிற சுருள் ஸ்பிறிங். ரேஞ்ச் றோவர் மாதிரி நாலிலும் இருப்பதைவிடச் செலவு குறைவு. லாண்ட் குறூசர் 100இல் சிலவற்றில் இருக்கிற உயரம் மாற்றும் அமைப்பு காற்றே அல்ல. அது எண்ணெயும் வாயு உருண்டைகளும். அதைக் காற்றுப்பை என்று நினைத்துத் திருத்தப் போகிறவரிடம் வாகனத்தை விடாதீர்கள்.

காற்றுப்பையைக் கழற்றிவிட்டுக் கொயிலுக்கு மாற்றுவது குற்றமல்ல. வன்னியில் அது பல வேளை புத்தியான முடிவு. ஆனால் சாதாரணப் பாரத்துக்கான கொயிலைத் தெரிய வேண்டும். என்னுடையதில் ஒரு கராஜில் கடினமான கொயில் போட்டு, பின்பக்கம் பதிந்திருக்கிறது என்று சொல்லி, சுருளுக்கு இடையில் றப்பர்த் துண்டும் செருகி விட்டார்கள். அந்த றப்பர் சில சுருள்களை வேலை செய்ய விடாமல் பூட்டுகிறது. மிஞ்சிய சுருள்கள்தான் எல்லாவற்றையும் தாங்க வேண்டும், அதனால் ஸ்பிறிங் இன்னும் விறைக்கிறது. அன்று வீடு வந்து சேர்ந்தபோது அம்மாவின் முகத்தைப் பார்க்க எனக்கு மனம் பொறுக்கவில்லை. அடுத்த நாளே கழற்றுவித்தேன்.

கடைசியாக, புஸ். பலர் "சொக் சத்தம்" என்று சொக்கை மாற்றிய பிறகும் "டொக் டொக்" நிற்காது; சில்லை உடம்போடு இணைக்கிற கைகளான ஆம்களின் றப்பர் புஸ்தான் தேய்ந்திருக்கும். உள் வீதி ஓட்டத்துக்கு மிகக் கடினமான பொலியூரித்தேன் புஸ்ஸைவிடக் கொம்பனி றப்பரே சுகம். புதிதாகப் போடும்போது ஒரு விசயத்தைக் கட்டாயம் கேட்டுச் செய்வியுங்கள். ஜக்கில் தூக்கிச் சில்லு தொங்கும் நிலையில் ஆம் போல்ட்டை இறுக்கினால், வாகனம் நிலத்தில் இறங்கியதும் றப்பர் முறுக்கிக்கொண்டே கிடக்கும். சில மாதத்தில் கிழியும். பாரம் சில்லில் இருக்கும் உயரத்தில்தான் கடைசி இறுக்கு. நான் இப்போது பக்கத்தில் நின்று, "அண்ணை, இறக்கிப் போட்டு இறுக்குங்கோ" என்று சொல்லி, முடியும்வரை நிற்பேன்.

பதினேழு ரிம், சரியான காற்று, சாதாரணக் கொயில், புதுப் புஸ், பிறகுதான் சொக். எனக்குச் சரிவந்த ஒழுங்கு இது. வாய்க்கால் மதகடியில் மட்டும் அம்மா இன்னும் கதவுப் பிடியைப் பிடிப்பா. அந்த இடத்தில் நான் முதலாம் கியரில்தான் இறக்குவேன்.