வீரை மரம் இன்னும் எங்கெல்லாம் வளரும்? கடலூர், புதுச்சேரிப் பக்கத்துக்கு வாழிட வரைபடம் போடும் முறை

புத்துப்பட்டு அய்யனார் கோயில் காடு, கடலூர்ப் பக்கம் திருமாணிக்குழி, குழந்தைக்குப்பம் என்று வறண்ட பசுமைமாறாக் காட்டில் நமக்கு மிஞ்சியிருப்பது சின்னச் சின்னத் துண்டுகள்தான். அந்தக் காட்டின் முக்கிய மரங்களில் ஒன்று வீரை. தாவரவியல் பெயர் ட்ரைபீட்டஸ் செபியாரியா. அதற்கு ஏற்ற இடங்களைக் கணிக்க மேக்ஸென்ட் போதும்; மரம் பதிவான புள்ளிகளின் தட்பவெப்பத்தையும் மண்ணையும் பார்த்து, ஒவ்வொரு இடமும் எவ்வளவு ஏற்றது என்று மதிப்பெண் போடும். இலவச மென்பொருள், ஆர் என்ற நிரல்மொழிக்குள்ளிருந்தும் ஓட்டலாம். ஓட்டுவது சுலபம், தரவைச் சலிப்பதில்தான் வேலை இருக்கிறது.

முதலில் மரம் இருக்கும் புள்ளிகள். உலகெங்குமுள்ள உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் தளத்திலிருந்து இறக்கியதை அப்படியே நம்பாதீர்கள். பழைய உலர்தாவர மாதிரிகள் பலவற்றில் ‘பாண்டிச்சேரி’ என்று மட்டும் இருக்கும்; பின்னாளில் கணினியில் ஏற்றியவர் நகர மையத்தின் அட்சரேகையைப் போட்டிருப்பார். மரம் கடற்கரைச் சாலையிலோ கடலுக்குள்ளோ நிற்கும்! தசமப் புள்ளிக்குப் பின் 4 இலக்கம் இருந்தால் சுமார் 11 மீட்டர் துல்லியம், 2 இலக்கம் என்றால் ஒரு கிலோமீட்டர்தான். ஒரே ஆயத்தொலை (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) பல இனங்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தால் சந்தேகப்படுங்கள். மிஞ்சியதில் ஒரு கிலோமீட்டர் கட்டத்துக்கு ஒரு புள்ளி மட்டும் வையுங்கள்.

ஆய்வுப் பரப்பைக் கடலூர் மாவட்டத்தோடு நிறுத்துவது பலர் செய்யும் பிழை. இந்தச் சமவெளிக்குள் தட்பவெப்பம் பெரிதாக மாறுவதே இல்லை; மாறாத ஒன்றிலிருந்து கணிப்பு மாதிரி (மாடல்) எதையும் கற்காது. தென்னிந்தியா முழுவதையும் இலங்கையையும் எடுத்துப் பயிற்றுவித்துவிட்டு, முடிவை மட்டும் நம் மாவட்டத்துக்கு வெட்டிக்கொள்ளுங்கள்.

தட்பவெப்பத்துக்கு வேர்ல்ட்கிளிம் 2.1 என்ற இலவசத் தரவு, 30 வினாடி (சுமார் ஒரு கிலோமீட்டர்) கட்டம். பயோ 1 முதல் 19 வரை எண்ணிட்ட அதன் 19 அடுக்குகளில் பயோ 8, 9, 18, 19 நான்கையும் முதலிலேயே ஒதுக்குங்கள். உதாரணமாக பயோ 8 என்பது அதிக மழை பெய்யும் காலாண்டின் சராசரி வெப்பம். நம் கரையில் அந்தக் காலாண்டு ஐப்பசி, கார்த்திகையைச் சுற்றி வருகிறது. உள்நாட்டுக்குப் போகப் போக முன்னால் நகர்கிறது. காலாண்டு மாறும் இடத்தில் வெப்பமும் திடீரென்று தாவி, படத்தில் கத்தியால் கீறியதுபோல் ஒரு கோடு விழும். நிலத்தில் அப்படி எந்த எல்லையும் கிடையாது, ஆனால் மாதிரி அதை நம்பிவிடும். மீதியில் ஒன்றோடொன்று 0.7-க்கு மேல் ஒட்டுறவு உள்ள சோடிகளில் ஒன்றை நீக்குங்கள். சாயில்கிரிட்ஸ் என்ற மண் தரவின் 250 மீட்டர் அடுக்கிலிருந்து மணல் விகிதம், பிஎச் (அமில, காரத் தன்மை) இரண்டையும் சேருங்கள். ஒரு கிலோமீட்டருக்கு மாற்றும்போது சராசரி எடுக்க வேண்டும்.

மரம் உள்ள இடங்களோடு ஒப்பிடுவதற்கான பின்னணிப் புள்ளிகளை மேக்ஸென்ட் தானாகவே 10,000 எடுத்துக்கொள்ளும், பரப்பெங்கும் எழுந்தமானமாக. அது வேண்டாம். ஆய்வாளர்கள் போவது கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிய, பேர்பெற்ற தோப்புகளுக்குத்தான். எனவே மாதிரி மரத்தை விட்டுவிட்டுச் சாலையைக் கற்கும். அதே பரப்பில் பதிவான மற்ற மரங்களின் புள்ளிகளைப் பின்னணியாகக் கொடுங்கள். இந்த ஒருபக்கச் சாய்வு அதனால் கணிசமாகக் குறையும்.

80-க்குக் குறைவான புள்ளிகள் இருந்தால், தட்பவெப்பத்தோடு மதிப்பெண் எப்படி மாறுகிறது என்பதைக் காட்டும் வளைவுகளை நேர்கோடு, இருபடி, ஹிஞ்ச் (முறிகோடு) வடிவங்களோடு நிறுத்துங்கள். வளைவுகளை எளிமையாக்கும் ஒழுங்காக்கப் பெருக்கியை 1 முதல் 4 வரை மாற்றி ஓட்டிப் பாருங்கள். 1-இல் வளைவுகள் கோணல்மாணலாக ஏறி இறங்கினால் தரவை மனப்பாடம் செய்கிறது என்று பொருள். சோதனைக்குப் புள்ளிகளைக் குலுக்கிப் பிரிக்காமல், பரப்பைத் தொகுதிகளாகப் பிரித்து ஒன்றை ஒளித்துவைத்துச் சோதியுங்கள். ஏயூசி (மரம் உள்ள இடத்தை மற்ற இடத்திலிருந்து பிரித்தறியும் திறனுக்கான எண்) இறங்கும். அந்த இறங்கிய எண்தான் நேர்மையான எண்.

இவ்வளவு செய்தும் தீராத சிக்கல் ஒன்று இருக்கிறது. இன்றைய வீரைப் புள்ளிகளில் பல, சாமிக்குப் பயந்து கோடரி நுழையாத இடங்கள். மரம் விரும்பிய இடமும் அதுவும் ஒன்றல்ல. நல்ல செம்மண் மேடுகள் முந்திரியாகவும் சவுக்காகவும் மாறிவிட்டதால் அங்கே புள்ளியே கிடையாது; மாதிரி அவற்றைக் குறைத்து மதிப்பிடும். குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்து ‘இங்கே வளராது’ என்று எழுதிவிடாதீர்கள்.

எங்கே காடு மிச்சம் என்பதற்கு சென்டினல்-2 செயற்கைக்கோள் படங்களின் 4, 8 பட்டைகளில் என்டிவிஐ (பசுமையை அளக்கும் குறியீடு) கணக்கிடுங்கள். 10 மீட்டர் துல்லியம் கிடைக்கும். பிப்ரவரி, மே இரண்டிலும் எடுங்கள்: புதர் காய்ந்து மதிப்பு சரியும், பசுமைமாறாக் காடு அதிகம் அசையாது. முந்திரியும் சவுக்கும் பச்சையாகவே நிற்கும் என்பதால் ஒரே ஆண்டை நம்ப முடியாது; பல ஆண்டு வரிசையில் பார்த்தால் சவுக்கு வெட்டும்போது பொத்தென்று விழுவது தெரியும். தானே புயலின் பாதிப்பை அளக்கப் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: அது 2011 டிசம்பர் 30-இல் கரையைக் கடந்தது. லேண்ட்சாட் 5 செயற்கைக்கோள் அதற்கு முந்தைய மாதமே படமெடுப்பதை நிறுத்திவிட்டது, லேண்ட்சாட் 8 ஏவப்பட்டது 2013-இல். லேண்ட்சாட் வரிசையில் இடையில் இருப்பது கோடுகோடாக இடைவெளி விழுந்த லேண்ட்சாட் 7 மட்டுமே. அந்த இடைவெளிகளை நிரப்பாமல், புயலுக்கு முன், பின் இரண்டு படத்திலும் தரவு உள்ள இடங்களை மட்டும் ஒப்பிடுங்கள்.

கடைசியாகக் களம். அதிக, நடுத்தர, குறைந்த மதிப்பெண் கட்டங்கள் மூன்றிலும் சமமாகப் போய்ப் பாருங்கள். வீரை இல்லாத இடத்தையும் நேரம், தேடிய பரப்பு, மண், பக்கத்துப் பயிர் சகிதம் பதிவு செய்யுங்கள். கன்றுகள் இருக்கின்றனவா என்று தனியாகக் குறியுங்கள். பெரிய மரம் மட்டும் நின்று கன்றே இல்லையென்றால், இன்று அந்த இடம் ஏற்றதுதானா என்பதை மறுபடி சோதிக்க வேண்டும்.