வீட்டுக்குள் அடைபட்ட திகில் நாவலை வாசிக்கும்போது ஒரு பென்சில் வையுங்கள்

பேய்க்கதை என்றால் லைட்டைப் போட்டுக்கொண்டு படுத்தால் போதும், ஆனால் பேயே இல்லாமல், ஒரு குடும்பம் கதவை அடைத்துக்கொண்டு உள்ளேயே கிடக்கிற கதை அப்படி இலேசில் விடாது. அமெரிக்க எழுத்தாளர் ஷெர்லி ஜாக்சன் 1962இல் எழுதிய ‘வீ ஹேவ் ஆல்வேஸ் லிவ்ட் இன் த காசில்’ அந்த வகை. சீனிக் கிண்ணத்தில் ஆர்சனிக் நஞ்சு, ஒரே மேசையில் நாலு சாவு, ஆறு வருசம் கழித்து அதே வீட்டில் இரண்டு சகோதரிகளும் தகப்பனின் நோயாளிச் சகோதரரும் மட்டும். கதை சொல்கிற 18 வயது இளைய சகோதரி மெரிகாட் பேசுகிற அழகில் நாமும் அவள் பக்கம் சாய்ந்துவிடுவோம்.

அதற்குத்தான் பென்சில். அவள் எதையாவது சொல்லாமல் தாண்டுகிற இடத்திலும் சாப்பாடு வருகிற இடத்திலும் ஓரத்தில் சின்னக் கோடு போடுங்கள், அது உங்களைக் கொஞ்சம் எட்ட நிறுத்தும், பயம் எங்கே கட்டப்படுகிறது என்பதும் தெரியும். நூலகப் புத்தகம் என்றால் கோடு வேண்டாம், பஸ் டிக்கெட்டைச் செருகுங்கள்.

அப்புறம், கொழும்பு வெள்ளவத்தைத் தொடர்மாடியில் மழை நாளில் தனியே இருந்து வாசிக்காதீர்கள். நான் அப்படித்தான் முடித்தேன், இரண்டு நாள் தேத்தண்ணிக்குச் சீனி போட மனம் வரவில்லை. பின்னேரம் கடற்கரைப் பக்கம் இருந்து ஒன்றிரண்டு அத்தியாயம் போதும், மொத்தமே பத்துத்தான். முடித்த கையோடு யாருடனாவது கதையுங்கள், வேறு விசயம் என்றாலும் சரி. வீட்டில் துக்கம் நடந்து அடைபட்டு இருக்கிறவர்கள் இப்போதைக்கு இதை எடுக்கவே வேண்டாம்.